வளைகாப்புக்கு நான் டேக் அலாங்

அழைக்காத வீட்டுக்குப் போனவள் இல்லை நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. எங்கள் மதுரைப் பக்கத்தில் அழைப்பு என்றால் அழைப்பு. வீட்டுக்கு வர வேண்டும், உட்கார வேண்டும், ஒரு வாய்த் தண்ணீராவது குடிக்க வேண்டும், குங்குமத்தை நீட்டி, "குடும்பத்தோட வந்துருங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனால் அது பாதி அழைப்பு. போனில் சொன்னால் கால். வாட்சப்பில் பிள்ளையார் படம் போட்டு வந்தால் அதை அழைப்பில் சேர்க்கவே முடியாது. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட வேண்டியதுதான்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை மெதுவாகப் படிப்பேன், இந்தியில் பஸ் போர்டு படிப்பேன், இங்கிலீஷில் என் பெயரைக்கூடப் போட மாட்டேன். ஆனால் காது எனக்குக் கூர்மை. புதிதாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் விட மாட்டேன். யார் யாரிடம் சொல்கிறார்கள், சொன்னதும் கேட்டவர் முகம் எப்படிப் போகிறது, சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அகராதி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை கிடையாது, பாவம்.

'டேக் அலாங்' எனக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

என் வீட்டுக்காரர் சர்க்கார் ஆபீசில் கார் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் வேலையில் இருந்தவரை சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இப்போது ஆர்.கே.புரத்தில், மருமகளுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மகனுக்கு ரயில்வே வேலை, பாதி நாள் வெளியூர். ஆக வீட்டில் நான், இவர், மருமகள். மருமகள் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழில் பேச ஆரம்பித்தால் முடிப்பது இந்தியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் மலை மந்திருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவளுடைய ஆபீஸ் சிநேகிதி, ஒரு பஞ்சாபிப் பெண், எதையோ வாங்கிப் போக வந்தவள், நாங்கள் பூக்கூடையோடு நிற்பதைப் பார்த்து, "ஆண்ட்டி, மைம் பீ டேக் அலாங் கர் லூம்?" என்றாள். மருமகள் "ஹாம், சலோ" என்றாள். அவ்வளவுதான். தலையில் ஈரம்கூடக் காயாமல் அந்தப் பெண் எங்களோடு நடந்து வந்தாள். முருகனைக் கும்பிட்டாள், பிரசாதத்தைத் தின்றாள், படியில் உட்கார்ந்து மயிலைப் போட்டோ எடுத்தாள், திரும்பி வந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். வீட்டுக்குள் வந்து உட்காரு என்று நான் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று அவளுக்கும் தோன்றவில்லை. முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"அது என்னடி வார்த்தை, அவ கேட்டாளே?" என்று மருமகளைப் பிடித்துக்கொண்டேன்.

"டேக் அலாங்கா? நீங்க எங்கயோ போறீங்க அத்தை. என்னை யாரும் கூப்பிடலை. எனக்கு அங்க ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் நானும் வரேன்னு கூடவே போறது."

"கூப்பிடாமயா?"

"ஆமா."

"வெக்கமா இருக்காது?"

"வெக்கம் எதுக்கு? டேக் அலாங்கா வர்றவங்க கெஸ்ட் கிடையாது. அவங்களை யாரும் கவனிக்க வேணாம். அவங்களும் யார் மேலயும் கோவிச்சுக்க முடியாது. ஹிசாப் பராபர், கணக்கு சரியாப் போச்சு."

"அப்ப சாப்பாடு?"

"இருந்தா சாப்பிடலாம்."

"முன்னாடி வந்து உக்காருங்கன்னு சொல்லலைன்னா?"

"அத்தை, அவங்க எங்க வேணா உக்காரலாம். யாரு பாக்கப் போறா!"

எனக்கு அன்றைக்குச் சமையலில் மனம் ஓடவில்லை. எவ்வளவு பெரிய வசதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! நம்மிடம் இந்தக் காரியத்துக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. தொத்திக்கொண்டு போனான், ஒட்டிக்கொண்டு வந்தாள், வாலைப் பிடித்துக்கொண்டு திரிகிறான் என்று எத்தனையோ இருக்கிறது. ஆனால் ஒன்றிலாவது மரியாதை இருக்கிறதா? எல்லாம் போனவன் முதுகுக்குப் பின்னால் சொல்வது. "நான் தொத்திக்கிட்டு வரட்டுமா" என்று வாய்விட்டுக் கேட்கிறவர் நம்மில் உண்டா? என்னைப் பெண் பார்க்க இவர் வந்தபோது இவருடைய சிநேகிதர் ஒருவர் கூடவே வந்தார். தட்டில் இருந்த பஜ்ஜியெல்லாம் அவர்தான் தின்றார். எங்கள் அம்மா சாகிறவரைக்கும் அந்த மனிதரை 'அந்தத் தொடுக்கு' என்றுதான் சொன்னாள். இங்கிலீஷ்காரனாக இருந்திருந்தால் அவர் டேக் அலாங், மரியாதையாக இன்னொரு தட்டு பஜ்ஜி தின்றிருப்பார்.

அது எங்கெங்கே செல்லும், எங்கே செல்லாது என்று இரண்டு மூன்று நாள் மருமகளைக் குடைந்து எடுத்துவிட்டேன். "பால்காரன் பின்னாடியே ஒரு நாய் வருதே, அது டேக் அலாங்கா?" ஆமாம் என்றாள். "காய் வாங்க நான் போறப்ப உங்க மாமா பை தூக்கிட்டு வர்றாரே?" இல்லை, அது வேலை என்றாள். "கூட்டிட்டுப் போகச் சொல்லி அழுது அடம் பிடிச்சா?" அதுவும் இல்லை. சும்மா, லேசாக, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்பதுபோல் வர வேண்டுமாம்.

"அப்ப, கல்யாணம் பண்ணி இவரு என்னை டில்லிக்குக் கூட்டிட்டு வந்தாரே?"

மருமகள் யோசித்தாள். பேப்பரைக் கீழே இறக்காமலே இவர் பதில் சொன்னார். "அது நான். நாப்பது வருசமா உன் கூடத்தான் நான் வந்துக்கிட்டிருக்கேன்."

கீழ் வீட்டு சர்தார்ணியிடம்தான் முதலில் செய்து பார்த்தேன். யாருக்கோ வாங்கிய ஸ்வெட்டரை மாற்ற அந்த அம்மாள் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று, லேசாக, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்கிற குரலில், "டேக் அலாங்?" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "ஆயியே, ஆயியே!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மார்க்கெட்டில் நான் எத்தனை வருடம் நடந்திருக்கிறேன். பையைப் பிடித்துக்கொண்டு, பேரம் பேசிக்கொண்டு, பிள்ளை கையை விட்டுவிடுமோ என்று பதறிக்கொண்டு. அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஸ்வெட்டருக்கு அந்த அம்மாள் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிறார், நான் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு டிக்கி தின்கிறேன். மாற்றிக் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. "ஆப் கோ க்யா சாஹியே, அம்மாஜி?" என்று கடைப் பையன் கேட்கிறான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று! எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் டேக் அலாங் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, புளிச் சட்னி புடவையில் வழிந்துவிட்டது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி நான் பறந்துகொண்டிருந்த சமயத்தில்தான் நொய்டாவிலிருந்து பிள்ளையார் படம் வந்தது. வாட்சப்பில்.

அனுப்பியது என் நாத்தனார். அவளுடைய மகளுக்கு வளைகாப்பு. அந்தப் பெண் பிறந்தது எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில். நாத்தனாரும் அவள் புருஷனும் டில்லிக்கு வந்த புதிதில் எங்களோடுதான் இருந்தார்கள். பிள்ளையைக் காலில் போட்டு முதலில் குளிப்பாட்டியவள் நான். என்னை அத்தை என்று கூப்பிடுவதற்கு முன்னால் அது 'அத்தா, அத்தா' என்று தவழ்ந்து வந்து என் கொசுவத்தைப் பிடித்து இழுக்கும். வளர்ந்து, படித்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, எத்தனையோ வருடம் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. எங்கள் வழக்கத்தில் வளைகாப்புக்கு முதல் வளையல் தாய்மாமன் வீட்டு வளையல். போடுவது மாமன் பெண்டாட்டி. அதாவது நான். அந்தக் கைக்கு நான் வளையல் போடாமல் வேறு யார் போட்டாலும் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் அழைப்பு பிள்ளையார் படத்தில் வந்திருக்கிறதே!

நாத்தனாருக்கும் எனக்கும் பேச்சு நின்றது என் மகன் கல்யாணத்தில். நான் இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்குப் பத்திரிகையும் பழமுமாகப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடும் பூட்டு. வெயிலில் நின்று நின்று பார்த்தேன். கொண்டுபோன அழைப்பைத் திருப்பிக்கொண்டு வருவது முறையில்லை. அதனால் பூட்டுக்குக் குங்குமம் வைத்தேன், பத்திரிகையைத் தாழ்ப்பாளில் சொருகினேன், பழத்தைப் பூட்டுக்குக் கீழே வைத்தேன், "குடும்பத்தோட வந்துருங்க" என்று வாயாலும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இதில் எங்கே குறை? இன்றைக்குக் கேட்டாலும் குறை இல்லை என்றுதான் சொல்வேன். அவளோ ஊரெல்லாம், "மதினி என்னைக் கூப்பிடலை, என் வீட்டுப் பூட்டைக் கூப்பிட்டிருக்காங்க. பூட்டு போய்ச் சாப்பிட்டுட்டு வரும்" என்று சொல்லிவிட்டு, புருஷனை மட்டும் அனுப்பினாள். அதிலிருந்து போன் வந்தால் அண்ணனோடு பேசுவாள். நான் எடுத்தால், "அண்ணன் இருக்காகளா?" அவ்வளவுதான். நானும், "இருக்காக."

இப்போது அண்ணனை அவள் போனில் கூப்பிட்டாள். அண்ணனுக்குத் தங்கை எப்படிக் கூப்பிட்டாலும் சரிதான். மருமகளை அந்தப் பெண்ணே கூப்பிட்டது. எனக்குத்தான் பிள்ளையார்.

"நீ போய் முன்னாடி நில்லு, அவ என்ன சொல்லப் போறா" என்றார் இவர்.

"செத்தாலும் மாட்டேன்."

"அந்தப் புள்ள தேடுமே."

தேடும்தான். கூப்பிடாமல் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை காபி ஆற்றும்போது எனக்கு அது தோன்றியதே, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

"வெள்ளிக்கிழமை நீ வளைகாப்புக்குப் போறியாடி?" என்று மருமகளைக் கேட்டேன்.

"லீவு போட்டாச்சு அத்தை."

"அப்ப நானும் டேக் அலாங்."

அவள் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பக்காவா பண்ணணும் அத்தை. பட்டுப்புடவை கூடாது" என்றாள்.

பக்காவாகத்தான் செய்தேன். சாதாரண வாயில் புடவை. கழுத்தில் எப்போதும் போடுகிறது. கையில் ஒன்றும் கிடையாது. வரிசைத் தட்டைத் தயார் செய்ய நான் ஒரு விரலை அசைக்கவில்லை. வளையல்கூட இவர்தான் போய் வாங்கிவந்தார். கடைக்காரன் கை அளவு கேட்டதற்கு இவர், அந்தப் பெண் காலேஜில் படிக்கும்போது எப்படி இருந்ததோ அந்த நினைப்பில், விரலை வளைத்துக் காட்டியிருக்கிறார். பெட்டியைத் திறந்து காட்ட வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டேக் அலாங்காக வருகிறவளுக்கு வரிசையில் என்ன பேச்சு?

ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நொய்டா போய்விடலாம். ஏறுவதற்கு முன்னால் பையெல்லாம் மிஷினுக்குள் போக வேண்டுமே. இவர் தாம்பாளத்தைப் பையோடு உள்ளே விட்டார். திரையில் பார்த்த போலீஸ்காரன் மிஷினை நிறுத்திவிட்டான். வட்டம் வட்டமாக ஏதோ தெரிகிறது, நடுவில் ஒரு உருண்டை.

"யே க்யா ஹை, பாபாஜி?"

"சூடியாம். ஔர் நாரியல்." வளையலும் தேங்காயும் என்று.

"கிஸ் லியே?"

"பாஞ்சி கா கோத் பராய்."

தங்கை மகளுக்கு வளைகாப்பு என்று கேட்டதும் அந்தப் போலீஸ்காரன் முகம் மாறிவிட்டது. "அரே, பதாயி ஹோ!" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பதாயி, பதாயி என்றார்கள். பெண்கள் பக்கத்தில் என்னைச் சோதித்த பெண், "ஆப் உன்கே சாத் ஹைம்?" என்று கேட்டாள். அவரோடு வருகிறீர்களா என்று. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, "நஹீம்" என்று தலையை ஆட்டி, நான்கு அடி தள்ளி நடந்தேன். பெட்டியிலும் தள்ளித்தான் உட்கார்ந்தேன். கிழவர் மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, தேங்காய் உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர் வரிசையிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கில் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வளைகாப்பு அவர்கள் அடுக்குமாடி சொசைட்டி ஹாலில். வாசலில் நாத்தனார் சந்தனக் கிண்ணத்தோடும் பன்னீர்ச் சொம்போடும் நின்றாள். அரக்கில் பட்டு. நரைத்திருந்தாள். பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"வாங்கண்ணே" என்று இவருக்குப் பன்னீர் தெளித்தாள். "வாம்மா" என்று மருமகளுக்குத் தெளித்தாள். மூன்றாவதாக நான் நின்றேன். சொம்பு அந்தரத்தில் நின்றது.

"நான் சும்மா, இவ கூட டேக் அலாங்" என்றேன், லேசாக, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"என்னது?" என்று நாத்தனார் என்னைக் கேட்காமல் மருமகளைக் கேட்டாள். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். கூப்பிடாமல் வருவது, கூட வருவது, கெஸ்ட் கிடையாது. நாத்தனார் கேட்டுக்கொண்டாள். பத்தாவது படித்தவள், சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

"அப்ப விருந்தாளி இல்ல?"

"இல்ல சித்தி."

"வாங்கன்னு சொல்ல வேணாம்?"

"தேவையில்ல."

"பன்னீர்?"

"அது உங்க இஷ்டம்."

நாத்தனார் சொம்பைக் கீழே இறக்கினாள். "நல்ல வார்த்தையா இருக்கே. சரி, ஓரமா நிக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்குக் கன்னம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் துடித்தது. இரண்டு பேரும் விறைப்பாக ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

நான் கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே போனால், அடேயப்பா, டேக் அலாங் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது! யாரோ ஒரு பெண்ணின் ரூம்மேட் என்று ஒரு வங்காளிப் பெண். ஆபீஸ் நண்பரோடு வந்த ஒரு மலையாளிப் பையன். வண்டி ஓட்டி வந்த டிரைவர் ஒருவர், எங்கள் தொழில்காரர். ஒருவருக்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. நான் எல்லாருக்கும் இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தேன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்குமாம் என்றேன். "பேபி கோ பதா சலேகா கி பார்ட்டி ஹை?" என்று அந்த வங்காளிப் பெண் கேட்டாள். தெரியாமல் இருக்குமா, அதற்குத்தானே பார்ட்டி என்றேன். அந்த வரிசையில் எழுந்த சிரிப்பில் முன் வரிசைப் பட்டுப்புடவைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

முன்னால் நாற்காலியில், நான் குளிப்பாட்டிய என் பெண் உட்கார்ந்திருந்தாள். மாலையும் வயிறுமாக. அவள் கண் என்னைத் தேடிப் பிடித்துவிட்டது. கையை ஆட்டினாள். நானும் லேசாக ஆட்டினேன்.

அப்போது முன்னால் ஒரு பெரியம்மாள் குரல் கொடுத்தார். "பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். மாமன் வீட்டு வளையல் எங்க? மாமன் பொண்டாட்டி வரணும்."

இவர் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நடுவில் நிற்கிறார். நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் அவள் தோற்றுப்போனதாகிவிடும். நானாக எழுந்து போனால் நான் தோற்றுப்போனதாகிவிடும். டேக் அலாங்காக வந்தவள் மேடை ஏறலாமா? அந்த வார்த்தையில் எனக்கு எல்லா வசதியும் இருந்தது, இது ஒன்றுதான் இல்லை. என்ன பெரிய சாமர்த்தியம் பண்ணி வந்துவிட்டோம், கடைசியில் இந்தக் கை எட்டுகிற தூரத்தில் இருந்துகொண்டு போடாமல் திரும்பப் போகிறோமே என்று இருந்தது.

"மாமன் பொண்டாட்டி வரலையா?" என்று அந்தப் பெரியம்மாள் மறுபடி கேட்டார்.

"வந்திருக்காங்க, ஆனா வரலை" என்றார் இவர். உதவிக்கு வந்த ஆளைப் பாருங்கள்!

என் பெண் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். "ஏய், எந்திரிக்காத!" என்று நாத்தனார் கத்தினாள். அவள் கேட்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வாத்து நடப்பதுபோல், நாற்காலிகளுக்கு நடுவே அசைந்து அசைந்து வந்தாள். கடைசி வரிசைக்கு வந்து, அந்த மலையாளிப் பையனைப் பார்த்து, "தோடா ஹட்டோ" என்று தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அங்க செம போர் அத்தை. இங்கதான் எல்லாரும் சிரிக்கிறீங்க. நானும் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

சொன்ன கையோடு அந்தக் கையை என் மடியில் வைத்தாள்.

பிறகு என்ன, ஹாலில் இருந்த நாற்காலி எல்லாம் கிறீச் கிறீச்சென்று பின்பக்கம் திரும்பின. முன் வரிசை கடைசி வரிசை ஆயிற்று. போட்டோக்காரன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். இவர் தாம்பாளத்தை என் முன்னால் நீட்டினார். நான் மேடைக்குப் போகவில்லை. ஒரு அடி நகரவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்தேன்.

எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அளவு சின்னது. பெண்ணின் கையோ மாசமாக இருக்கிற கை, விரலெல்லாம் வீங்கி, முட்டி தெரியாமல் புசுபுசுவென்று இருந்தது. வளையல் கட்டைவிரல் முட்டியில் வந்து நின்றுவிட்டது. தள்ளினால் உடையும். வளைகாப்பில் முதல் வளையல் உடைந்தால் என்ன சொல்வார்கள் என்று எழுதக்கூட என் கை வராது. எனக்கு வேர்த்துவிட்டது. இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் விரல்களைக் கூட்டிப் பிடித்து முட்டியை உள்ளே அமுக்க வேண்டும், ஒருவர் நழுவவிட வேண்டும். அமுக்குகிற ஆளுக்கு இந்தக் கை பழகியிருக்க வேண்டும். வலிக்கிறதா, சும்மா கத்துகிறாளா என்று தெரிந்தவளாக இருக்க வேண்டும்.

பட்டுப்புடவைகளை விலக்கிக்கொண்டு நாத்தனார் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். அதை மகள் கையில் தடவினாள்.

"அண்ணன் வாங்கின அளவைப் பாருங்க" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று சொல்ல முடியாது.

"விரலை வளைச்சுக் காட்டி வாங்கிட்டு வந்திருக்காரு" என்றேன், நானும் யாரையும் பார்க்காமல்.

அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்தாள். நான் தள்ளினேன்.

"ஆ, அம்மா!"

"சும்மா கத்துறா. தள்ளுங்க மதினி."

"நீ இன்னும் அமுக்குடி."

"அமுக்கிட்டுத்தான இருக்கேன். உடைச்சிராதீங்க."

"நான் எதையும் உடைச்சவ இல்ல."

"யாரு, நீங்க? உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா!"

இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. அவள் தலையிலிருந்த மல்லிகை என் மூக்கில் ஏறியது. பெண் கத்திக்கொண்டே சிரிக்கிறாள், சிரிப்பில் வயிறு குலுங்க, கை நழுவுகிறது. "சிரிக்காதடி, சிரிக்காதடி" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டுகிறோம். அந்த வங்காளிப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். நாத்தனார் முட்டியை ஓர் அமுக்கு அமுக்கினாள். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வளையல் மணிக்கட்டில் போய் விழுந்தது. உடையவில்லை.

கடைசி வரிசை கைதட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள், டிரைவராகத்தான் இருக்கும். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. புடவைத் தலைப்பை எடுக்கலாம் என்று பெண்ணின் கையை விடப் போனேன்.

"கையை எடுக்காதீங்க மதினி" என்றாள் நாத்தனார், எண்ணெய் வழிய. "ராகு காலம் வந்துரும். அந்தக் கைக்கும் இருக்குல்ல."

நான் அடுத்த வளையலை எடுத்தேன்.